மியோன் பள்ளத்தாக்கில் ஒரு நாள்: பழைய ரயில்பாதையா, குன்றின் முதுகா, இரண்டும் கலந்த வட்டமா?

மண், சரளைப் பாதைகளுக்கென்று தடித்த டயர் போட்ட கிராவல் சைக்கிள் வாங்கிய கையோடு எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: தார்ச்சாலையை விட்டு எங்கே இறங்கி ஓட்டலாம்? லண்டனிலோ சவுத்தாம்ப்டனிலோ இருப்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது ஹாம்ப்ஷர் மாவட்டத்தின் மியோன் பள்ளத்தாக்கு. ஆனால் அங்கே எந்த வழி என்று அடுத்த கேள்வி வந்து நிற்கும். பள்ளத்தாக்கின் நீளத்துக்குப் போகும் பழைய ரயில்பாதை ஒன்று. பள்ளத்தாக்கைக் குறுக்கே வெட்டி, ஒரு குன்றிலிருந்து இறங்கி அடுத்த குன்றில் ஏறும் சவுத் டவுன்ஸ் வே இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் கிள்ளி எடுத்து, காட்டுப்பாதையும் கிராமத்துக் குறுஞ்சாலைகளும் சேர்த்துச் சுற்றி வரும் வட்டம் மூன்றாவது. ஒரு நாளில் ஒன்றைத்தான் நிதானமாக ஓட்ட முடியும். எதை எடுப்பது என்பது உங்கள் கால் பலத்தைவிட, போன மாதம் அங்கே எவ்வளவு மழை பெய்தது என்பதைப் பொறுத்தது என்பேன்.

முதலில், ஏன் மியோன்? ஹாம்ப்ஷரில் பெயர்பெற்ற ஓடைகள் டெஸ்ட்டும் இட்சனும். டிரவுட் மீன் பிடிப்பவர்கள் உலகெங்கிலுமிருந்து அவற்றைத் தேடி வருகிறார்கள். அதுவே சைக்கிள்காரனுக்குப் பிரச்சினை. அந்தக் கரைகள் பெரும்பாலும் தனியார் மீன்பிடிப் பகுதிகள். டெஸ்ட் ஆற்றின் ஸ்டாக்பிரிட்ஜ் ஊரில் 1822-இல் தொடங்கிய ஹூட்டன் கிளப் என்ற மீன்பிடிச் சங்கம் இன்றைக்கும் இருக்கிறது. ஆற்றை ஒட்டி 71 கி.மீ. நீளத்துக்கு டெஸ்ட் வே என்றொரு பாதை உண்டு, வரைபடத்தில் பார்க்கும்போது நாக்கில் எச்சில் ஊறும். ஆனால் அதன் பெரும்பகுதி நடப்பவர்களுக்கு மட்டுமான பாதை. இட்சன் கரையிலும் அதே கதை. மியோன் சின்ன ஆறு. ஈஸ்ட் மியோன் அருகே ஊற்றெடுத்து, டிட்ச்ஃபீல்டைத் தாண்டி சோலன்ட் கடலில் கலக்கும்வரை சுமார் 34 கி.மீ. தான். இதற்கு வாய்த்த அதிர்ஷ்டம், கைவிடப்பட்ட ஒரு ரயில்பாதை. அது இல்லையென்றால் இந்தப் பள்ளத்தாக்கும் வேலிக்கு வெளியே நின்று பார்க்கிற இடமாகத்தான் இருந்திருக்கும்.

இங்கிலாந்தில் புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சட்டக் குறிப்பு. மஞ்சள் அம்புக்குறி போட்ட நடைபாதையில் சைக்கிள் ஓட்ட உங்களுக்கு உரிமை கிடையாது. நீல அம்புக்குறி உள்ள குதிரைப்பாதையில் உண்டு. 1968-ஆம் ஆண்டின் நாட்டுப்புறச் சட்டம் கொடுத்த உரிமை அது. ஆனால் நடப்பவர்களுக்கும் குதிரைகளுக்கும் வழிவிடுவது உங்கள் கடமை. ஊதா, சிவப்பு அம்புக்குறிகள் இருந்தால் தாராளமாகப் போகலாம். பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் ஓஎல்3 என்ற எண்ணுள்ள வரைபடம் ‘மியோன் வேலி’ (மியோன் பள்ளத்தாக்கு) என்ற பெயரிலேயே வருகிறது. கைபேசிச் செயலிகள் சில சமயம் நடைபாதைக்குள் இழுத்துவிடும். இந்த வரைபடம் அப்படிச் செய்யாது.

காலுக்குக் கீழே இருப்பது

மூன்று வழிகளையும் ஒப்பிடுவதற்கு முன் இந்த மண்ணைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். அது புரியாமல் போட்ட திட்டம் பிப்ரவரியில் சேற்றில் முடியும்.

இந்தக் குன்றுகள் முழுக்க மென்மையான வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. கையில் தேய்த்தால் மாவாக ஒட்டும். பாறை முழுக்க நுண்துளைகளும் விரிசல்களும். குன்றின் மேல் விழும் மழை ஓடி வழியாமல் உள்ளே இறங்கிவிடுகிறது. அதனால்தான் மேலே ஓடைகளே கிடையாது. உள்ளே போன நீர் மாதக்கணக்கில் பாறைக்குள் ஊறி, பள்ளத்தாக்கின் அடியில் ஊற்றாக வெளிவருகிறது. ஆண்டு முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே குளிர்ச்சி, 10 அல்லது 11 டிகிரி. பாறையே வடிகட்டிவிடுவதால் நீர் கண்ணாடி. ஆற்றின் அடியில் ஒவ்வொரு கூழாங்கல்லும் தெரியும். கோடையில் நீர்ப்பரப்பின்மேல் வெள்ளைப் பூக்களோடு நீள் கூந்தலாக அலையும் ஒரு நீர்ச்செடி இந்த ஓடைகளின் அடையாளம். இத்தகைய சுண்ணாம்பு ஓடைகள் உலகத்திலேயே இருநூற்றுச் சொச்சம்தான். அவற்றில் மிகப் பெரும்பாலானவை இங்கிலாந்தில். அருகிப்போன நீரெலிகளை மியோன் கரையில் 2013 முதல் மீண்டும் விட்டு வளர்க்கிறார்கள்.

இந்த நீரோட்டம் சைக்கிளுக்கு எப்படிப் பொருந்துகிறது என்றால்: மழை நின்ற மறுநாள் மேட்டுப்பாதை வேகமாக வடிந்துவிடும், ஆனால் பள்ளத்தாக்கின் அடி அப்படியில்லை. நிலத்தடி நீர்மட்டம் குளிர்கால மழையெல்லாம் இறங்கிய பிறகு மெதுவாக உயர்ந்து, பிப்ரவரி, மார்ச் வாக்கில்தான் உச்சத்துக்கு வரும். வானம் வெளுத்திருக்கும், வெயிலும் அடிக்கும், ஆனால் தாழ்வான குறுஞ்சாலையில் எங்கிருந்தோ தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்து ஹாம்பிள்டன் கிராமம் 2013-14 குளிர்காலத்தில் இப்படித்தான் மூழ்கியது. ஆறு கரைபுரண்டு வந்த வெள்ளமல்ல அது, நிலத்தடி நீரே மேலே எழுந்து தெருவில் ஓடியது.

மேட்டிலும் இன்னொரு சிக்கல் உண்டு. குன்றுகளின் உச்சியில் பல இடங்களில் சுண்ணாம்புப் பாறைக்கு மேல் சக்கிமுக்கிக் கல் கலந்த களிமண் போர்வை கிடக்கிறது. நீர் அதில் இறங்காது. குளிர்காலத்தில் அது டயரில் அப்பிக்கொண்டு சைக்கிளின் சட்டகத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே அடைத்துவிடும். சரிவுகளில் களிமண் இருக்காது, வெறும் சுண்ணாம்பு. காய்ந்திருந்தால் அருமையான பிடிப்பு. ஈரமாக இருந்தால் குளியலறைத் தரையில் விழுந்த சோப்பு மேல் காலை வைத்ததுபோல் இருக்கும். சக்கிமுக்கிக் கல்லோ ஆண்டு முழுக்க ஒரே குணம்: உடைந்த விளிம்பு கத்தி.

வழி ஒன்று: மியோன் வேலி டிரெயில்

ஆல்டனிலிருந்து ஃபேரம் வரை 1903-இல் திறந்த ரயில்பாதை இது. லண்டனிலிருந்து தென்கடற்கரைக்கு நீண்ட விரைவு ரயில்கள் வரும் என்ற நம்பிக்கையில் பெரிய கனவோடு கட்டினார்கள். சின்னச் சின்னக் கிராமங்களுக்குக்கூட மிக நீளமான நடைமேடைகள் போட்டார்கள். அந்த ரயில்கள் வரவேயில்லை. 1955 பிப்ரவரியில் பயணிகள் சேவை நின்றது. கனவின் மிச்சம் நமக்கு லாபம். விரைவு ரயிலுக்காகப் போட்டதால் எங்கும் கடுமையான ஏற்றம் கிடையாது, குன்று வந்தால் வெட்டியும் பள்ளம் வந்தால் மேடு போட்டும் சமப்படுத்தியிருக்கிறார்கள்.

வெஸ்ட் மியோன் பழைய நிலையத்தில் தொடங்கினால் விக்கம் வரை ஏறத்தாழ 16 கி.மீ. தெற்கு நோக்கிப் போனால் பெரும்பாலும் லேசான இறக்கம். ஆகவே குழந்தைகளோடு போகிறவர்கள் வடக்கே ஏறி, களைத்த பிறகு தெற்கே இறங்குவதுதான் புத்திசாலித்தனம். அதாவது விக்கமில் தொடங்குங்கள். வெஸ்ட் மியோன் நிலையத்தில் மரங்களுக்கு நடுவே அந்த நீண்ட நடைமேடைகள் இன்னும் கிடக்கின்றன. அதற்கு வடக்கே ஆற்றைத் தாண்டிய இரும்புப் பாலத்தை 1950-களிலேயே பிரித்துவிட்டார்கள், அதனால் பாதை அங்கேயே முடிகிறது.

நடுவில் டிராக்ஸ்ஃபோர்டு நிலையம். இரண்டாம் உலகப் போரில் நார்மண்டித் தாக்குதலுக்கு முந்தைய நாட்களில், 1944 ஜூன் தொடக்கத்தில், சர்ச்சில் தன் தனி ரயிலில் வந்து தங்கியது இங்கேதான். ஜூன் 4 அன்று பிரெஞ்சுத் தலைவர் டி கோலை இங்கே வரவழைத்துத்தான் படையெடுப்புச் செய்தியைச் சொன்னார்கள். நிலையக் கட்டடம் இப்போது தனியார் வீடு, எட்டிப் பார்த்துவிட்டு நகர வேண்டியதுதான். வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களுக்கு இந்த ஒரு இடம் போதும் டிரெயிலைத் தேர்ந்தெடுக்க.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஆற்றுப் பள்ளத்தாக்கின் பெயரைத் தாங்கிய பாதை என்றாலும் ஆறு பெரும்பாலும் கண்ணில் படாது. அது மேற்கே வயல்களுக்கு அப்பால் ஓடிக்கொண்டிருக்கும். உங்களுக்குத் தெரிவது இருபுறமும் மரச்சுவர். கோடையில் அந்தப் பச்சைக் குகை சுகம்தான். அரை மணி நேரம் கழித்துக் கொஞ்சம் அலுக்கும். பாறையை வெட்டிய ஆழமான பகுதிகளில் வெயில் இறங்காது, இலையுதிர் காலத்துக் குப்பையும் வடிகாலின்மையும் சேர்ந்து நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கருஞ்சேறு நிற்கும். பத்தாண்டுக்கு முன் மாவட்ட நிர்வாகமும் தேசியப் பூங்கா நிர்வாகமும் சேர்ந்து சரளை போட்டு இறுக்கிச் சீரமைத்தார்கள். குதிரையோட்டிகளில் ஒரு பகுதியினருக்கு அந்தக் கெட்டித்தளம் பிடிக்கவில்லை. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது: மெத்தென்ற மண்ணில் ஓட்டிப் பழகிய பாதை அது, தளம் கெட்டியானதும் சைக்கிள்களின் வேகமும் கூடிவிட்டது. மணி அடிப்பதைவிட வாயால் ‘குட் மார்னிங்’ சொல்வது மேல். குதிரைக்கு மனிதக் குரல் பழக்கம், மணிச்சத்தம் பழக்கமில்லை.

ஆறு வேண்டுமென்றால் பாதையை விட்டு இறங்கிக் கிராமங்களுக்குள் போக வேண்டும். எக்ஸ்டனில் ஷூ இன் என்ற மதுக்கூடத்தின் தோட்டம் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. கோர்ஹாம்ப்டனில் ஆயிரம் ஆண்டு பழைய சாக்ஸன் தேவாலயம், உள்ளே மங்கிய சுவரோவியங்கள், வெளியே கிழட்டு யூ மரம். விக்கமில் செசபீக் மில் என்ற மாவு ஆலை. போரில் பிடிபட்ட அமெரிக்கக் கப்பலொன்றின் மரங்களைக் கொண்டு 1820-இல் கட்டியது. இந்த மூன்றில் ஒன்றுக்கு விலகிப் போனாலும் டிரெயிலின் அலுப்பு போய்விடும். ஆனால் பல இடங்களில் ஏ32 சாலையைக் கடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு மிகப் பிடித்த சாலை அது. வளைவில் திரும்பிப் பார்ப்பதற்குள் ஒன்று தாண்டிப் போயிருக்கும்.

யாருக்கு இந்த வழி? குழந்தைகள், புதிதாக ஓட்டுபவர்கள், காயத்திலிருந்து மீள்பவர்கள், கேமராவோடு வருபவர்கள். 35 மி.மீ. டயர் போதும். சாதாரண ஹைப்ரிட் சைக்கிளே போதும் என்பதுதான் நிஜம். கிராவல் சைக்கிளுக்கென்று இரண்டாயிரம் பவுண்டு செலவழித்தவருக்கு இந்த வழி மட்டும் என்றால் மனசு ஆறாது.

வழி இரண்டு: சவுத் டவுன்ஸ் வே

வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 160 கி.மீ. முழு நீளத்துக்கும் சைக்கிளுக்கு அனுமதியுள்ள தேசிய நெடும்பாதை இது. 2010-இல் தேசியப் பூங்காவான சவுத் டவுன்ஸ் குன்றுகளின் முதுகெலும்பில் போகிறது. மியோன் பள்ளத்தாக்கு வருவது அதன் மேற்குக் கோடியில். ரயிலில் வருபவர்களுக்கு இதைவிட வசதி இல்லை: வின்செஸ்டரில் இறங்கி, பீட்டர்ஸ்ஃபீல்டில் ஏறலாம், சுமார் 45 கி.மீ., இரண்டுமே லண்டன் வாட்டர்லூவுக்கு நேரடி ரயில் உள்ள நிலையங்கள். காலை, மாலை நெரிசல் நேர லண்டன் ரயில்களில் மடிக்காத சைக்கிளுக்குக் கட்டுப்பாடு உண்டு. வார இறுதியே நல்லது.

வின்செஸ்டரை விட்டு ஏறியதும் சீஸ்ஃபுட் ஹெட். இயற்கையாக அமைந்த பெரிய கிண்ணம்போன்ற பள்ளம். 1944-இல் அமெரிக்கத் தளபதி ஐசனோவர் துருப்புகளிடம் பேசிய இடம். பிறகு வயல்களுக்கு நடுவே நீண்ட, அகலமான பாதை. எக்ஸ்டனுக்கு மேலே பீக்கன் ஹில், 201 மீட்டர். அங்கே நின்றால்தான் பள்ளத்தாக்கின் அமைப்பே புரியும்: கீழே மரவரிசைகளுக்குள் ஒளிந்த ஓடை, எதிரே ஓல்ட் வின்செஸ்டர் ஹில், தெற்கே வானம் தெளிவாக இருந்தால் வைட் தீவு. மியோன் பள்ளத்தாக்கைப் பார்க்க வந்தவர்களுக்கு இந்த ஒரு காட்சி கொடுப்பதை டிரெயிலின் 16 கி.மீ. கொடுக்காது. இதை நான் தயக்கமில்லாமல் சொல்வேன்.

பிறகு இறக்கம். எக்ஸ்டனில் ஆற்றைக் கடந்து மறுபடி 150 மீட்டர் ஏற்றம். கிராவல் சைக்கிளின் பல்சக்கர அமைப்பு எவ்வளவு தாராளமானது என்று இங்கே தெரிந்துவிடும். முன்னால் 40 பல், பின்னால் 34 பல் என்று வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இறங்கித் தள்ளுவார்கள். தள்ளுவதில் வெட்கமில்லை, மவுண்டன் பைக்காரர்களும் தள்ளுகிறார்கள். இந்தப் பகுதியில் நடப்பவர்களின் வழியும் சைக்கிள், குதிரை வழியும் சில இடங்களில் பிரிகின்றன. அம்புக்குறியின் நிறத்தைப் பார்த்துத் திரும்புங்கள்.

ஓல்ட் வின்செஸ்டர் ஹில் 197 மீட்டர் உயரம். உச்சியில் இரும்புக்காலக் கோட்டை, சுற்றிலும் தேசிய இயற்கைக் காப்பகம். ஜூன், ஜூலையில் புல்வெளியில் ஆர்க்கிட் பூக்கும். கோடையின் பிற்பகுதியில் சுண்ணாம்புப் புல்வெளிக்கே உரிய வெளிர்நீல வண்ணத்துப்பூச்சிகள் கூட்டமாக வரும். போர்க்காலத்தில் இங்கே பீரங்கிப் பயிற்சி நடந்தது, வெடிக்காத குண்டுகள் பற்றிய எச்சரிக்கைப் பலகைகளை இன்றும் பார்க்கலாம். சைக்கிளைக் கோட்டை மேட்டுக்கு வெளியே சாய்த்துவிட்டு உள்ளே நடந்து போங்கள். 2,000 ஆண்டுக்கு மேற்பட்ட மண்மேட்டில் டயர் தடம் பதிப்பது அழகில்லை.

அங்கிருந்து கிழக்கே சால்ட் ஹில், வெதர் டவுன் என்ற குன்றுகள் (இங்கே ‘டவுன்’ என்றால் நகரமல்ல, சுண்ணாம்பு மேடு). பழைய கடற்படைத் தளம் ஒன்று இங்கே பசுமைக் கல்வி மையமாக மாறியிருக்கிறது, கூடாரம் போட இடமும் உண்டு. இரண்டு நாளாகப் பிரித்து ஓட்ட விரும்புபவர்களுக்கு ஏற்ற நிறுத்தம். கடைசியாக பட்சர் ஹில், 270 மீட்டர், இந்த முழுச் சுண்ணாம்புத் தொடரிலேயே உயரமானது. அதன் புல்சரிவில் குவீன் எலிசபெத் பூங்காவை நோக்கி இறங்குவதுதான் இந்த நாளின் பரிசு. புல் காய்ந்திருந்தால் பறக்கலாம். ஈரமாக இருந்தால் பிரேக்கை நம்பாதீர்கள்.

சைக்கிளிங் யூகே அமைப்பு 2020-இல் அறிமுகப்படுத்திய 350 கி.மீ. வட்டப்பாதையான கிங் ஆல்ஃபிரட்ஸ் வே, வின்செஸ்டருக்குத் திரும்பும் தன் கடைசிப் பகுதிக்கு இந்தக் குன்றுகளையே பயன்படுத்துகிறது. ஆகவே வார இறுதிகளில் பைகள் கட்டிய கிராவல் சைக்கிள்கள் எதிரே வந்துகொண்டே இருக்கும். நெடும்பயணத்துக்கு ஒத்திகை பார்க்க நினைப்பவர்களுக்கு இந்த 45 கி.மீ. சரியான அளவு.

குறைகள் வெளிப்படை. ஏற்றம், கற்கள், கேட்டுகள். கேட்டுகளை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஆடுமாடு மேயும் நிலம் என்பதால் நிமிடத்துக்கொரு தரம் இறங்கித் திறந்து மூட வேண்டியிருக்கும் பகுதிகள் உண்டு. காற்றுக்கு ஒதுங்க மரம் கிடையாது. தென்மேற்கிலிருந்து காற்று அடிப்பதுதான் வழக்கம் என்பதால் வின்செஸ்டரிலிருந்து கிழக்கே போவது நல்லது. எதிர்த்திசையில் போனால் நாள் முழுக்க முகத்தில் அறை வாங்கலாம். டயர் 42 மி.மீ.க்குக் குறையக் கூடாது, 45 இருந்தால் நிம்மதி. உள்ளே ட்யூப் இல்லாத ட்யூப்லெஸ் டயர் கட்டாயம் என்பேன், அதற்கு மேல் பக்கச்சுவர் கிழிந்தால் உள்ளே வைத்துச் சமாளிக்க ஒரு துண்டுப் பழைய டயரும் வேண்டும். சக்கிமுக்கிக் கல் போடும் வெட்டை, டயருக்குள் ஊற்றும் சீலண்ட் என்ற அடைப்புத் திரவம் மட்டும் அடைக்காது.

வழி மூன்று: விக்கம் வட்டம்

இது பெயரிட்ட பாதையல்ல, வரைபடத்தை விரித்து வைத்துக் கோத்துக்கொள்வது. விக்கமில் தொடங்கி டிரெயிலில் வடக்கே போய், மியோன்ஸ்டோக் அல்லது எக்ஸ்டன் அருகே விலகி, சவுத் டவுன்ஸ் வேயில் ஓல்ட் வின்செஸ்டர் ஹில் ஏறுங்கள். மேலே கிழக்கே தொடராமல் குறுஞ்சாலைகளும் குதிரைப்பாதைகளுமாகத் தெற்கே திரும்பினால் பிராட்ஹாஃப்பென்னி டவுன் வரும். அங்கிருந்து ஹாம்பிள்டன் கிராமம், பிறகு மேற்கே வெஸ்ட் வாக் காடு, அதன் சரளைப் பாதைகள் வழியே மறுபடி விக்கம். மொத்தம் 40 கி.மீ. அளவில் வரும்.

நம் ஆட்களுக்கு இந்த வழியில் இன்னொரு கொக்கி இருக்கிறது. பிராட்ஹாஃப்பென்னி டவுனில்தான் 18-ஆம் நூற்றாண்டின் ஹாம்பிள்டன் கிளப் கிரிக்கெட் ஆடியது. ஒரு கிராமத்து அணி, அகில இங்கிலாந்து அணிகளை வென்றது. ஆட்டத்தின் விதிகளும் நுட்பமும் உருப்பெற்ற காலகட்டத்தில் இந்த ஊர்தான் தலைமைப் பீடம். மைதானம் இன்னும் இருக்கிறது, இன்னும் ஆடுகிறார்கள். எதிரே பேட் அண்ட் பால் இன் என்ற மதுக்கூடம், சாலையோரத்தில் 1908-இல் நாட்டிய நினைவுக்கல். கோடை ஞாயிறு மதியம் போனால் புல்லில் உட்கார்ந்து சில ஓவர் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். கிரிக்கெட் பைத்தியம் முற்றியவர்கள் டிரெயிலின் வடகோடிவரை போய் வெஸ்ட் மியோன் தேவாலய மயானத்தையும் பார்க்கலாம். லார்ட்ஸ் மைதானத்தை நிறுவிய தாமஸ் லார்ட் 1832-இல் இறந்து அங்கேதான் அடக்கமானார். சேப்பாக்கத்தில் வெயிலில் வெந்தவர்களுக்கு அந்தக் குளிர்ந்த கல்லறை கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றும். ஆனால் அதற்காக வட்டம் 10 கி.மீ.க்கு மேல் நீளும் என்பதை மறக்க வேண்டாம்.

ஓட்டுவதைப் பொறுத்தவரை, மூன்றிலும் இதுவே ‘கிராவல்’ என்ற சொல்லுக்கு நெருக்கமானது. கெட்டியான ரயில்பாதை, ஒரு நல்ல ஏற்றம், வெள்ளைச் சுண்ணாம்புத் தடம், வண்டிகள் அதிகம் வராத குறுஞ்சாலை, கடைசியில் காட்டின் சரளை. மேற்பரப்பு மாறிக்கொண்டே இருப்பதால் அலுப்பே வராது, களைத்தால் எந்த இடத்திலும் குறுக்கே வெட்டி டிரெயிலுக்குத் திரும்பிவிடலாம். சவுத் டவுன்ஸ் வேயில் பாதி வழியில் மனம் மாறினால் பக்கத்தில் ரயில் நிலையமே கிடையாது. கார் வைத்திருப்பவர்களுக்கு ஆரம்பித்த இடத்திலேயே முடிவது பெரிய வசதி. ரயிலில் வருபவர்கள் ஃபேரமில் இறங்கி விக்கமுக்கு ஐந்தாறு கி.மீ. சாலையில் ஓட்ட வேண்டும். அந்தச் சாலை அவ்வளவு இனிமையானதல்ல.

வட்டத்தின் பலவீனம் வழி கண்டுபிடிப்பது. அம்புக்குறி எதுவும் முழு வட்டத்துக்கும் உங்களைக் கூட்டிப்போகாது. ஜிபிஎஸ்ஸில் தடத்தை ஏற்றிக்கொண்டு போக வேண்டும், அந்தத் தடத்தை வீட்டிலேயே வரைபடத்தோடு ஒப்பிட்டு, நடைபாதை எங்கும் கலந்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் ஹாம்பிள்டன் பக்கத் தாழ்வுகளில் நிலத்தடி நீர் சாலைக்கு வந்திருக்கலாம். வெஸ்ட் வாக்கில் சரளையை விட்டு இறங்கும் கிளைப்பாதைகள் களிமண், குளிர்காலத்தில் அவற்றைத் தொடாதீர்கள்.

எந்த மாதம், எந்த வழி

மே நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை, கடந்த பத்து நாளில் பெருமழை இல்லையென்றால், என் தேர்வு விக்கம் வட்டம். தனியாக வருபவரோ உடல்வலு உள்ள நண்பர்கள் இருவரோ என்றால், அதே பருவத்தில் வின்செஸ்டர்–பீட்டர்ஸ்ஃபீல்டு. ஆனால் ஒருமுறையாவது முதலில் வட்டத்தை ஓட்டிப் பார்த்து, ஓல்ட் வின்செஸ்டர் ஹில் ஏற்றத்தில் உங்கள் மூச்சு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பிறகு போவது நல்லது; கிழக்கே இன்னும் மூன்று அப்படிக் காத்திருக்கின்றன.

அக்டோபரில் டிரெயிலின் நிறம் அள்ளும், ஆனால் இலைக்கு அடியில் ஈர வேரும் கல்லும் மறைந்திருக்கும். நவம்பர் முதல் மார்ச் வரை யாராவது கேட்டால், டிரெயிலின் ஆழமான வெட்டுப் பகுதிகளையும் சரிவுகளையும் விட்டுவிட்டு, விக்கமிலிருந்து டிராக்ஸ்ஃபோர்டு வரை போய்த் திரும்பி, மிச்சத்தை மேட்டுக் குறுஞ்சாலைகளில் ஓட்டச் சொல்வேன். உறைபனி விழுந்த காலைகள் மட்டும் விதிவிலக்கு: சேறெல்லாம் இறுகிக் கல்லாகியிருக்கும், மதியத்துக்குள் திரும்பிவிட்டால் சவுத் டவுன்ஸ் வேகூடக் குளிர்காலத்தில் ஓட்டக்கூடியதுதான்.

குழந்தைகளோடு என்றால் பருவம் எதுவானாலும் டிரெயில்தான், தூரத்தை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். விக்கமிலிருந்து டிராக்ஸ்ஃபோர்டு போய்வர 14, 15 கி.மீ. வரும், எட்டு வயதுப் பிள்ளைக்கு அது போதும். தண்ணீரும் சாப்பாடும் கையில் இருக்கட்டும். பாதையிலேயே கடை எதுவும் கிடையாது, கிராமத்து மதுக்கூடங்களில் பல, மதிய உணவு நேரம் முடிந்ததும் சமையலறையை மூடிவிடும். கோடையில் உயர்ந்த புல்லில் உட்கார்ந்து எழுந்தால் காலில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் சங்கிலியைக் கழுவி எண்ணெய் போடுவதைத் தள்ளிப்போட வேண்டாம். சுண்ணாம்புக் குழம்பு காய்ந்துவிட்டால் சங்கிலியையும் பல்சக்கரத்தையும் அரைத்துவிடும், அப்புறம் தண்ணீர் ஊற்றினாலும் சுலபத்தில் போகாது.